24 நியூட்ரினோக்களை வைத்து எடை போட்ட கதை

மொத்தம் 24. ஜப்பானில் 11, அமெரிக்காவில் 8, அன்றைய சோவியத் யூனியனின் காக்கசஸ் மலைக்கு அடியில் 5. 1987 பிப்ரவரி 23 அன்று, நம் பால்வெளிக்குப் பக்கத்து விண்மீன் கூட்டத்தில் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்து, பூமியில் மாட்டிக்கொண்ட நியூட்ரினோக்கள் இவ்வளவுதான். கை விரல், கால் விரல் எல்லாம் எண்ணி முடித்த பிறகு இன்னும் நாலு. இந்த 24ஐ வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இயற்பியலாளர்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதித் தள்ளினார்கள். அவற்றில் பலவற்றின் மையக் கேள்வி ஒன்றுதான்: நியூட்ரினோவுக்கு நிறை இருக்கா, இருந்தா எவ்வளவு?

நம்ம ஊரில் நியூட்ரினோ என்றால் உடனே தேனி ஞாபகத்துக்கு வரும். இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. 1,68,000 ஒளியாண்டு தூரத்தை ஒரு தராசாகப் பயன்படுத்திய கதை இது.

எடைக்கு ஏன் அவ்வளவு மவுசு?

1930இல் வுல்ஃப்காங் பாலி இப்படி ஒரு துகள் இருக்கணும் என்று ஊகித்தார். 1956இல் ஃபிரெடரிக் ரெய்ன்ஸும் கிளைடு கோவனும் அணு உலை ஒன்றின் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் நிறை பூஜ்யம் என்பதுதான் பாடப்புத்தகக் கணக்கு. பூஜ்யம் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது, அவ்வளவுதான்.

1980இல் மாஸ்கோவிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. லியூபிமோவ் தலைமையிலான குழு, டிரிட்டியம் சிதையும்போது வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை மிக நுணுக்கமாக அளந்தது. எலக்ட்ரான் அதிகபட்சம் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று பார்த்தால், கூடவே போன நியூட்ரினோ தன் நிறைக்காக எவ்வளவு 'பிடித்தம்' செய்துகொண்டது என்று தெரிந்துவிடும். சம்பளச் சீட்டில் கைக்கு வந்த தொகையைப் பார்த்துப் பிடித்தத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி. அவர்களுக்குக் கிடைத்த விடை 14 முதல் 46 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள். (இனி எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன். பத்து லட்சம் எ.வோ. சேர்ந்தது ஒரு மெகா எ.வோ.)

30 எ.வோ. என்பது கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஒரு புரோட்டானின் நிறையில் மூன்று கோடியில் ஒரு பங்கு. ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. பெருவெடிப்பில் மிச்சமான நியூட்ரினோக்கள் பிரபஞ்சத்தில் ஒரு கன மீட்டருக்கு, ஒரு வகைக்கு மட்டும், சுமார் 11 கோடி இருக்கணும். 11 கோடியை 30ஆல் பெருக்கினால் 330 கோடி எ.வோ. அதாவது ஏறத்தாழ மூன்றரை புரோட்டான் எடை. பிரபஞ்சத்தில் உள்ள சாதாரணப் பொருளையெல்லாம் சமமாகப் பரப்பினால், நாலு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான்தான் தேறும்! மாஸ்கோக்காரர்கள் சொன்னது சரி என்றால் நட்சத்திரங்கள், கோள்கள், நாம் எல்லோரும் சேர்ந்தும் ஓரத்தில் ஒட்டிய தூசி. பிரபஞ்சத்தின் முக்கிய எடையே நியூட்ரினோதான். கரும்பொருள் என்ன என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, ஒருநாள் நின்று திரும்பிச் சுருங்குமா என்பதையும் அந்த எண்ணே தீர்மானிக்கும்.

இந்த அண்டவியல் வாதத்தை 1966இல் கெர்ஷ்டைனும் செல்டோவிச்சும் சோவியத்தில் தொடங்கினார்கள். 1972இல் இந்திய இயற்பியலாளர் ராமநாத் கௌசிக், மெக்கிளலண்டோடு சேர்ந்து அதைக் கூர்மையாக்கினார். 1980இல் மாஸ்கோ எண் வந்து அதில் அப்படியே பொருந்தியதும் பரபரப்பு தாங்கவில்லை.

சந்தேகமும் இருந்தது. மாஸ்கோ குழு பயன்படுத்தியது தனி டிரிட்டியம் அல்ல. வேலைன் என்ற அமினோ அமிலத்துக்குள் டிரிட்டியத்தைச் செருகியிருந்தார்கள். மூலக்கூறு தன் பங்குக்கு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்ற கணக்கு கொஞ்சம் பிசகினாலும் இல்லாத நிறை இருக்கிற மாதிரி தெரியும். 1986இல் சூரிச் குழு ஒன்று, 18 எ.வோ.க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்றது. இரண்டு ஆய்வகம், இரண்டு பதில். மூன்றாவதாக, இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி தேவைப்பட்டது.

தூரம் என்னும் தராசு

அந்தச் சாட்சியை எப்படிக் கேட்பது என்பதை சோவியத் இயற்பியலாளர் ஸாட்செபின் 1968லேயே எழுதி வைத்துவிட்டார். யோசனை ரொம்ப எளிது. நிறையே இல்லாத துகள் எப்போதும் ஒளியின் வேகத்தில் போகும். நிறை இருந்தால் துளி குறைவாகப் போகும். எவ்வளவு குறைவு என்பது அதன் ஆற்றலைப் பொறுத்தது. ஆற்றல் கூடக் கூட ஒளி வேகத்தை நெருங்கும். அதனால் ஒரே நொடியில் கிளம்பிய நியூட்ரினோக்களில் ஆற்றல் மிக்கவை முன்னாடியும், குறைந்தவை பின்னாடியும் வந்து சேரும்.

தெருமுனை வரை ஓடவிட்டால் இரண்டு பேரில் யார் வேகம் என்று பிடிக்க முடியாது. நாற்பது கிலோமீட்டர் ஓடவிட்டால் இடைவெளி கண்ணுக்கே தெரியும். இங்கே ஓடுபாதை லட்சக்கணக்கான ஒளியாண்டு.

கணக்கு இதுதான்: தாமதம் = பயண நேரத்தில் பாதி × (நிறை ÷ ஆற்றல்) இன் வர்க்கம். 1,68,000 ஒளியாண்டுக்கு, 10 எ.வோ. நிறையும் 10 மெகா எ.வோ. ஆற்றலும் போட்டால் தாமதம் 2.65 நொடி. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் நாலில் ஒரு பங்காகி, 0.66 நொடி. ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் பயணம் செய்து வந்த இரண்டு துகள்களுக்கு நடுவே இரண்டு நொடி வித்தியாசம். சாதாரண கணினிக் கடிகாரமே அதைப் பதிவு செய்துவிடும். இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது. நுட்பமான அளவு வேலையை இயற்கையே தூரத்தின் மூலம் செய்து கொடுத்துவிடுகிறது.

குறை ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வெடிக்கணும்.

வேறு எதற்கோ கட்டிய தொட்டி

ஜப்பானில் கமியோகா என்ற ஊரில், துத்தநாகமும் ஈயமும் எடுக்கிற சுரங்கத்துக்குள், தரைக்கு 1000 மீட்டர் கீழே 3000 டன் தண்ணீர் பிடிக்கும் தொட்டி ஒன்று 1983இல் வேலையைத் தொடங்கியது. சுவர் முழுக்க, ஒவ்வொன்றும் 20 அங்குல விட்டமுள்ள சுமார் ஆயிரம் ஒளிப்பெருக்கிக் குழாய்கள். பெயர் கமியோகாண்டே. கடைசியில் வரும் 'என்டிஇ'க்கு நியூக்ளியான் டிகே எக்ஸ்பெரிமென்ட் என்று விரிவு. புரோட்டான் சிதையுமா என்று பார்க்கக் கட்டியது; நியூட்ரினோவுக்காக இல்லை.

அப்போது உலகம் முழுக்கப் புரோட்டான் சிதைவு வேட்டை நடந்துகொண்டிருந்தது. அதில் முதலில் இறங்கியவர்களில் நம்ம கோலார் தங்க வயலும் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய இயற்பியலாளர்களும் சேர்ந்து அங்கே இரும்புத் தகடுகளை அடுக்கிச் சோதனை நடத்தினார்கள். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்றும் கோலார்தான். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குள் ஐஎம்பி என்ற இன்னும் பெரிய தொட்டி இருந்தது. நியூட்ரினோவைக் கண்டுபிடித்த அதே ரெய்ன்ஸ் அந்தக் குழுவில் இருந்தார்.

புரோட்டான் சிதையவே இல்லை. கமியோகாண்டேயின் தலைவர் மசதோஷி கோஷிபா, கையில் இருப்பதை வைத்துச் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவையாவது பிடிக்கலாம் என்று தொட்டியை மேம்படுத்தினார். தண்ணீரைச் சுத்தப்படுத்தி, மின்னணுவியலை மாற்றி, குறைந்த ஆற்றலில் வரும் துகளும் தெரியும்படி செய்தார்கள். 1987 தொடக்கத்தில் அது தயார். கோஷிபா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பணி ஓய்வு பெறவிருந்தது அதே ஆண்டு மார்ச்சில்.

பிப்ரவரி 24 அதிகாலை, சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் வானாய்வகத்தில் இயன் ஷெல்டன் என்ற இளைஞர் பெரிய மெகல்லன் மேகத்தைப் படம் எடுத்தார். தட்டைக் கழுவிப் பார்த்தால், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பெரிய புள்ளி. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அங்கேயே பணியாற்றிய ஆஸ்கர் டுஹால்டே அதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்திருந்தார். 1604இல் கெப்ளர் பார்த்ததற்குப் பிறகு இவ்வளவு பிரகாசமான சூப்பர்நோவா வந்ததில்லை. அதற்கு 1987ஏ என்று பெயர் வைத்தார்கள்.

செய்தி டோக்கியோவுக்கு எட்டியதும், சுரங்கத்தில் பதிவாகியிருந்த காந்த நாடாக்களை வரவழைத்துத் தேடினார்கள். உலக நேரப்படி பிப்ரவரி 23 காலை 7 மணி 35 நிமிடத்தில் 11 நிகழ்வுகள், 13 நொடிக்குள். ஐஎம்பி குழுவும் தங்கள் பதிவில் அதே நேரத்தைத் தேடியது. 6 நொடிக்குள் 8. இத்தனைக்கும் மின்வழங்கி ஒன்று பழுதாகி அன்று ஐஎம்பியின் குழாய்களில் கால்வாசி அணைந்து கிடந்தன! காக்கசஸில் பாக்சான் ஆய்வகத்தில் 5. (ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலைக்கு அடியில் இருந்த கருவி, நாலரை மணி நேரத்துக்கும் முன்பே 5 நிகழ்வுகளைக் காட்டியது. அந்த நேரத்தில் மற்றவர்களிடம் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. அதனால் அதைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதில்லை.)

24 என்றால் குறைவு என்று நினைக்க வேண்டாம். நட்சத்திரம் வெளியே விட்டது ஒன்றுக்குப் பின் 58 பூஜ்யம். அவ்வளவு தூரம் கடந்து வந்த பிறகும், பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் சுமார் 3000 கோடி புகுந்து போயின. உங்களுக்கு அப்போது உடம்பு இருந்திருந்தால், அதன் வழியாகவும்தான்.

கடிகாரமும் கணக்கும்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அடுத்த விஷயம் சுவாரஸ்யமாக இருக்கும். கமியோகாண்டேயின் கடிகாரம் உலக நேரத்தோடு ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். ஐஎம்பியின் கடிகாரமோ 50 மில்லிநொடிக்குள் துல்லியம். பல சர்வர்களின் லாக்கைச் சேர்த்து வைத்துப் பிழை தேடியவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். நல்லவேளையாக, எடை போடும் வேலைக்கு உண்மையான நேரம் தேவையில்லை. ஒரே தொட்டிக்குள் எது முதலில், எது எத்தனை நொடி கழித்து என்பது போதும். அது கமியோகாண்டேயில் துல்லியமாகவே இருந்தது.

அந்தப் பதிவுகள் எல்லாமே வெளியிடப்பட்டவை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தொட்டியில் பதிவானது நியூட்ரினோ மோதி உண்டாக்கிய பாசிட்ரானின் ஆற்றல், அதோடு 1.3 மெகா எ.வோ. கூட்டினால் நியூட்ரினோவின் ஆற்றல். வந்த நேரத்திலிருந்து தாமதத்தைக் கழித்தால் கிளம்பிய நேரம். நிறை 30 எ.வோ. என்று வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். (முதல் நிகழ்வு வந்த கணம் பூஜ்யம்.)

0.303 நொடியில் வந்தது, 8.8 மெகா எ.வோ.: கிளம்பியது மைனஸ் 30.5 நொடியில்.
0.324இல் வந்தது, 10.5: மைனஸ் 21.3.
0.507இல் வந்தது, 14.1: மைனஸ் 11.5.
0.107இல் வந்தது, 14.8: மைனஸ் 10.8.
0இல் வந்தது, 21.3: மைனஸ் 5.3.
1.541இல் வந்தது, 36.7: மைனஸ் 0.2.

படிக்கட்டு தெரிகிறதா? மேலிருந்து கீழே, ஆற்றல் ஏற ஏறக் கிளம்பிய நேரமும் தள்ளிக்கொண்டே போகிறது. 30 எ.வோ. உண்மை என்றால் அந்த நட்சத்திரம் மிகக் குறைந்த ஆற்றலுள்ள நியூட்ரினோவை முதலில் அனுப்பி, பத்து நொடி கழித்து அடுத்ததை அனுப்பி, இப்படி அரை நிமிடம் வரிசையாக, 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு சுரங்கத் தொட்டியில் எல்லாம் ஒன்றரை நொடிக்குள் ஒன்றாக வந்து சேரும்படி திட்டமிட்டு அனுப்பியிருக்கணும். நட்சத்திரத்துக்கு அப்படி எந்த வேண்டுதலும் இல்லை. 30 எ.வோ. தேறாது.

நிறையை 10 எ.வோ. ஆக்கினால் எல்லா நகர்வும் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். படிக்கட்டு ஐந்து நொடிக்குள் சுருங்கும். வெடிப்பே பத்து நொடி நீடிக்கிறபோது அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆக, உண்மை 10க்குப் பக்கத்திலோ, அதற்குக் கீழேயோ எங்கேயோ.

இதே ரீதியில், இன்னும் முறையாக, ஜான் பாகாலும் ஷெல்டன் கிளாஷோவும் அதே 1987இல் 11 எ.வோ.க்கு மேல் இல்லை என்று எழுதினார்கள். ஆர்னெட்டும் ரோஸ்னரும் 12 என்றார்கள். அடுத்த ஆண்டு பாகாலே ஸ்பெர்கலோடு சேர்ந்து எச்சரிக்கையாகக் கணக்குப் போட்டபோது வரம்பு 16க்கு ஏறியது. 2002இல் லொரேடோவும் லாம்பும் பின்னணி இரைச்சலையும் சேர்த்துப் பேயீசிய முறையில் அலசி 5.7 என்றார்கள்.

தரவு ஒன்றுதான். 15 வருஷத்தில் ஒரு நியூட்ரினோகூடக் கூடவில்லை. பிறகு விடை ஏன் மாறுகிறது? வந்த நேரம் நமக்குத் தெரியும், கிளம்பிய நேரம் தெரியாது. நட்சத்திரத்தின் உள்கரு எப்படிக் குளிர்ந்தது என்று ஒரு மாதிரியை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி மாறினால் வரம்பும் மாறும். கமியோகாண்டேயில் 1.9 நொடிக்கும் 9.2 நொடிக்கும் நடுவே ஒன்றுமே வராத ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதை வைத்து, வந்தது இரண்டு வேறு நிறையுள்ள நியூட்ரினோக்கள் என்றுகூடச் சிலர் வாதாடினார்கள். ஆனால் இரண்டு தொட்டிகளின் முதல் நிகழ்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஐஎம்பியின் மூன்று நிகழ்வுகள் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே வந்து உட்காருகின்றன. 11 புள்ளிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுவது பெரிய அதிசயமும் இல்லை.

இப்படி எத்தனை விதமாக மாற்றிப் போட்டாலும் 30 மட்டும் திரும்பி வரவில்லை. அதுதான் முக்கியம். அடுத்து வந்த டிரிட்டியம் சோதனைகளும் அதையே சொல்ல, மாஸ்கோ எண் மறைந்துபோனது. பிரபஞ்சத்தின் கரும்பொருள் நியூட்ரினோ என்ற கனவும் அதோடு போனது.

இன்னும் தூரமாகப் போனால்?

தூரம்தானே தராசு, இன்னும் தூரத்திலிருந்து வருவதைப் பிடித்தால் இன்னும் துல்லியமா என்று கேட்கத் தோன்றும். 2017 செப்டம்பர் 22 அன்று தென் துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப், 290 டெரா எ.வோ. ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒன்றைப் பதிவு செய்தது. டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற, சுமார் 400 கோடி ஒளியாண்டு தூரத்து விண்மீன் கூட்டம்தான் அதன் பிறப்பிடமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நம் சூத்திரத்தில் 0.1 எ.வோ. நிறையோடு போட்டால் தாமதம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அதிலும் ஒரு சதவீதம்கூட இல்லை. தூரம் தாமதத்தை நேர் விகிதத்தில் கூட்டுகிறது, ஆற்றலோ வர்க்க விகிதத்தில் அடித்துவிடுகிறது. எடை போட வேண்டுமானால் ஆற்றல் குறைவாக, ஒரே வீச்சில், கும்பலாக வரணும். சூப்பர்நோவாவை விட்டால் நாதியில்லை.

இதற்கிடையில் ஆய்வகம் வெகுதூரம் முன்னேறிவிட்டது. கமியோகாண்டேயின் வாரிசான, 50,000 டன் தண்ணீர் கொண்ட சூப்பர் கமியோகாண்டே, 1998இல் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்று காட்டியது. நிறை இருந்தால்தான் அப்படி மாற முடியும். ஆக, பூஜ்யம் இல்லை என்பது உறுதி. ஆனால் அந்த முறை நிறைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும், நிறையைச் சொல்லாது. நேரடியாக அளக்க ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் காட்ரின் இருக்கிறது. மாஸ்கோ செய்த அதே டிரிட்டியம் வேலையைத்தான் பிரம்மாண்டமாகச் செய்கிறார்கள். 2025இல் அவர்கள் வெளியிட்ட வரம்பு 0.45 எ.வோ.

அப்படியானால் அடுத்த சூப்பர்நோவா எதற்கு? பால்வெளிக்குள்ளேயே, 32,600 ஒளியாண்டு தூரத்தில் ஒன்று வெடித்தால் சூப்பர் கமியோகாண்டேயில் மட்டும் ஆயிரக்கணக்கில் நிகழ்வுகள் பதிவாகும். ஆனால் 0.45 எ.வோ. நிறைக்கு, 10 மெகா எ.வோ. ஆற்றலில், தாமதம் ஒரு மில்லிநொடிதான். பத்து நொடி நீளும் வெடிப்பில் ஒரு மில்லிநொடியைத் தேடுவது, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தர் தும்மியதைக் கேட்கிற கதை. ஒரு வழி இருக்கு. வெடித்த நட்சத்திரத்தின் கரு பாதியிலேயே கருந்துளையாகச் சரிந்தால் நியூட்ரினோ ஓட்டம் குழாயை மூடியது போலச் சட்டென்று நிற்கும். எல்லா ஆற்றலுக்கும் ஒரே கணத்தில் ஒரு கூர்மையான முடிவு. பீகம், பாய்ட், மெஸ்ஸகாப்பா மூவரும் 2000இல் முன்வைத்த யோசனை இது. 1987இல் தெரியாமல் போன 'கிளம்பிய நேரம்' அப்போது நட்சத்திரமே போட்டுக் கொடுத்த முத்திரையாக வந்துவிடும்.

அப்படி நடந்தாலும் காட்ரினை அது முந்துமா என்பது கஷ்டம்தான். ஆனால் 1980களில் நடந்ததை நினைத்துப் பார்க்கணும். இரண்டு ஆய்வகங்கள் ஒரே மாதிரியான சோதனையைச் செய்து இரண்டு பதில் சொன்னபோது, மூலக்கூறும் வேலைனும் எந்தப் பங்கும் வகிக்காத ஒரு இடத்திலிருந்து மூன்றாவது பதில் வந்தது. துல்லியத்தில் அது பெரிய ஆள் இல்லை. அதன் பிழைகள் வேறு வகைப் பிழைகள். அதனால்தான் அதற்கு மதிப்பு.

பால்வெளியில் நூறு வருஷத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை வெடிக்கும் என்பது கணிப்பு. கமியோகா சுரங்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீரோடு காத்திருக்கிறார்கள். 32,600 ஒளியாண்டுக்கு அப்பால் ஏதாவது ஒன்று ஏற்கனவே வெடித்திருந்தால், அதன் நியூட்ரினோக்கள் இப்போது வழியில் இருக்கும்.